துப்பாக்கிக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

சென்ற வாரம் கடற்கரையில் நடை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினார். அமெரிக்காவில் யாரோ ஒரு இளைஞர் பழைய ரஷ்ய ராணுவ கார்பைன் ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறார். மரக்கட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் கட்டை மாட்டுகிறார். குழலின் முனையைக் கொஞ்சம் அறுக்கிறார். மேலே இருந்த முத்திரைகளை எல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கறுப்புப் பூச்சு அடிக்கிறார். “எவ்வளவு கைத்திறமை பாருங்க சார்” என்றார் நண்பர். எனக்கு வயிறு எரிந்தது. யாரோ சேவைப் பதிவேட்டில் நான்கு பக்கம் கிழித்துக் கப்பல் செய்தது போல இருந்தது.

“உங்களுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அரசு அலுவலகத்தில் 34 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் சில வருடம் ஆயுத உரிமப் பிரிவில். யார் பெயரில் என்ன துப்பாக்கி, என்ன எண், எந்தத் தேதியில் புதுப்பித்தார், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாரா என்று எழுதி வைப்பதோடு சரி. ஆனால் பழைய ரஷ்ய கார்பைனை மட்டும் கையில் பிடித்திருக்கிறேன். இரண்டு தோட்டா சுட்டும் இருக்கிறேன். அதற்குக் காரணம் என் அத்தான்.

அக்காவின் கணவர் நம் ஊர் ஆட்கள் சொல்கிற ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பாரிஸுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர். ஓய்வுக்குப் பிறகு அங்குள்ள துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். பழைய ராணுவ ரைஃபிள்களை வைத்துச் சுடும் போட்டி பிரான்சில் முறையாக நடக்கிறது. நம் ஊரில் பெரியவர்கள் மாலையில் சீட்டாடுவது போல, அங்கே எழுபது வயதுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதற்குப் போகிறார்கள்.

முன்பெல்லாம் பிரெஞ்சுச் சட்டம் ராணுவத் தோட்டாவின் அளவைப் பார்த்துத்தான் துப்பாக்கியை வகைப்படுத்தியது. போருக்குப் பயன்பட்ட தோட்டா என்றால் துப்பாக்கியும் போர்த் தளவாடம். 2013 செப்டம்பரில் முறை மாறியது. அது எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் ரைஃபிள், உரிமம் பெற்ற சுடுவீரரோ வேட்டைக்காரரோ வாங்கிப் பதிவு செய்தால் போதும் என்றாகிவிட்டது. அத்தான் உடனே ஒன்று வாங்கினார். மோசின் நகான், 1944 மாதிரி கார்பைன்.

இந்த ‘நகான்’ என்ற பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்கர்கள் ‘நேகண்ட்’ என்கிறார்கள். லியோன் நகான் பெல்ஜியத்தில் லியேஜ் ஊர்க்காரர், பிரெஞ்சு பேசுபவர். கடைசி எழுத்தை விழுங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிக் கற்றதை இந்த வயதில் விட்டுக்கொடுக்க முடியாது. மோசின் என்பவர் ரஷ்யக் கேப்டன். 1891இல் இரண்டு பேருடைய யோசனைகளையும் சேர்த்து ரஷ்ய அரசு ஒரு ரைஃபிளை ஏற்றது. நகானுக்கு 2 லட்சம் ரூபிள், மோசினுக்கு 30,000 ரூபிள். அதிகாரப் பெயரில் இருவர் பெயரும் இல்லை. ‘1891 மாதிரி மூன்று வரி ரைஃபிள்’, அவ்வளவுதான். ‘வரி’ என்பது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று வரி என்றால் 7.62 மில்லிமீட்டர். வேலை செய்தவன் பெயர் கோப்பில் வராமல் போவது நமக்குப் புதிதா என்ன?

ரஷ்யத் தொழிற்சாலைகள் அப்போது தயாராக இல்லாததால் முதல் 5 லட்சம் ரைஃபிள்களைச் செய்து கொடுத்தது பிரான்சின் ஷாத்தெல்ரோ ஆயுதச்சாலை. அதனால் அத்தானுக்கு அதில் ஒரு சொந்தப் பெருமை. “இது பாதி நம்ம ஊரு சரக்கு” என்பார். அவர் ‘நம்ம ஊரு’ என்றால் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது.

நான் 2014இல் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிந்ததும் அத்தான் இரும்பு அலமாரியைத் திறந்து அதை எடுத்து வந்து மேசைமேல் துணி விரித்து வைத்தார். சுமார் ஒரு மீட்டர் நீளம், நான்கு கிலோவுக்குச் சற்று மேல் எடை. சிவப்பு கலந்த அரக்குப் பூச்சு அங்கங்கே உரிந்த மரக்கட்டை. குழலின் பக்கவாட்டில் மடித்து வைத்த ஈட்டி, நான்கு பட்டை உள்ளது. “இது ஸ்டாலின்கிராட்ல சண்டை போட்டது, தெரியுமா?” என்றார். வாங்கிய இடத்தில் அப்படிச் சொன்னார்களாம். பேரப் பிள்ளைகளுக்கும் கிளப் நண்பர்களுக்கும் அதையே சொல்லி வந்திருக்கிறார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். என் தொழில் அது. குழலின் பின்பகுதியில் முக்கோணத்துக்குள் ஓர் அம்பு: இஷெவ்ஸ்க் தொழிற்சாலையின் முத்திரை. தூலாவில் செய்திருந்தால் நட்சத்திரத்துக்குள் அம்பு இருக்கும் என்று அத்தானே சொன்னார். கீழே வருடம், 1944. அதன் கீழே வரிசை எண். பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒரு சிறிய சதுரம். போருக்குப் பிறகு பட்டறையில் பிரித்துப் பழுது பார்த்து, கிடங்கில் வைக்கத் தகுதி என்று அடித்த முத்திரை அது. போல்ட்டில் பழைய எண் ஒன்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, குழலின் எண்ணை அதன் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அதாவது போல்ட் வேறு துப்பாக்கியுடையது. பட்டறையில் இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்து ஒரே குடும்பப் பெயர் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முத்திரை பிரான்சின் சேந்த்-எத்தியேன் சோதனைச்சாலையுடையது.

“அத்தான், ஸ்டாலின்கிராட் சண்டை 1943 பிப்ரவரியில முடிஞ்சுபோச்சு. இது 44ல பொறந்தது” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீ ஃபைல்ல இருந்தாதான் நம்புவே” என்று சொல்லிவிட்டுத் துணியை மூடினார். அக்கா உள்ளேயிருந்து என்னை முறைத்தாள்.

மறுநாள் கோபம் தணிந்து கிளப்புக்கு அழைத்துப் போனார். பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க என்னையும் சுட அனுமதித்தார்கள். ஐந்து தோட்டா கொடுத்தார்கள். இந்தத் தோட்டாவின் மருந்து நீளக் குழலுக்காக அளந்தது. கார்பைனின் குழலோ 51 சென்டிமீட்டர்தான். எரியாத மருந்து வாய்க்கு வெளியே வந்து எரிகிறது. விசையை அழுத்தியதும் முன்னால் ஒரு நெருப்புப் பந்து, காதில் இடி, தோளில் கழுதை உதை. அடிக்கட்டையில் இரும்புத் தகடு வேறு. இந்த மாதிரி கார்பைனுக்கு ஈட்டியை விரித்த நிலையில்தான் குறி சரிபார்த்திருப்பார்கள். கிளப்பில் அதை விரிக்க விடமாட்டார்கள். அதனால் குண்டு பக்கவாட்டில் விலகிப் போய் விழுந்தது. இரண்டு சுட்டேன். மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி அக்கா தோளில் தைலம் தேய்த்துவிட்டாள்.

அந்த இரண்டு தோட்டாவில் எனக்கு ஒன்று விளங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கி அழகாக இருக்கும். அதைச் சுட்டவனுக்குத்தான் அது என்ன பொருள் என்று தெரியும். 1944இல் பட்டாளத்தில் சேர்ந்த ஒரு பையன் இதை நாள் முழுவதும் தோளில் வாங்கியிருப்பான், எதிரே நின்றவனும் ஒரு பையன்தான் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்தபோது உறைக்கவில்லை. தோள் வலித்தபோதுதான் உறைத்தது. அதனால் பழைய துப்பாக்கியைச் சுடுவது வெறும் விளையாட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கவனமாக, சட்டப்படி, வரம்போடு சுட்டால் அது ஒரு பாடம்.

சுட்டு முடித்ததும் வேலை இருக்கிறது. சோவியத் காலத்துப் பழைய தோட்டாவின் தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் குழலுக்குள் ஒரு உப்பு படியும். கிட்டத்தட்ட நம் சமையல் உப்பின் தம்பி. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டால் போகாது, வெந்நீர் ஊற்றித்தான் கரைக்க வேண்டும். கடற்காற்றில் ஜன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயின்ட் அடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தான் வீட்டுக்கு வந்ததும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, புனல் வைத்து ஊற்றி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய் போட்டார். அதற்கு அப்புறம்தான் மதியச் சாப்பாடு. குழலின் வாயைக் காட்டினார். உள்விளிம்பைச் சிறிது தூரம் அகலமாகக் கடைந்திருந்தார்கள். வாய் வழியாகவே கம்பி விட்டுச் சுத்தம் செய்து செய்து முனை தேய்ந்துவிட, பட்டறையில் தேய்ந்த பகுதியைக் கடைந்து எடுத்துவிடுவார்களாம். எத்தனை கைகள் அதைத் துடைத்திருந்தால் இரும்பு தேயும்! எனக்கு ஸ்டாலின்கிராட் கதையை விட அந்தத் தேய்மானம் பெரிதாகப் பட்டது. அதை அத்தானிடமும் சொன்னேன். சிரித்தார். சமாதானம் ஆயிற்று என்று நினைத்தேன்.

2021இல் அத்தான் காலமானார்.

அடுத்த வருடம் அக்கா மகள் கூப்பிட்டாள். அலமாரியில் இரண்டு துப்பாக்கி இருக்கிறதாம். ஒன்று எனக்குத் தெரிந்தது, அதற்கு எல்லாக் காகிதமும் இருந்தது. இன்னொன்று பழைய போர்வையில் சுற்றி, அடித்தட்டில். அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. “மாமா, அப்பாவோட சினேகிதர் ஒருத்தர், இந்தோசீனா சண்டைக்குப் போன சொல்தா தாத்தா. அவர் செத்த பிறகு அந்தப் பாட்டி இதை அப்பாகிட்ட குடுத்தாங்கன்னு ஞாபகம். அந்தத் தாத்தா பேர் தெரியலை. நீங்க வந்தப்பவே வீட்ல இருந்துச்சு. நீங்க பேப்பர் கேப்பீங்கன்னு அப்பா காட்டலை.”

இந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்தியது. இன்னும் குத்துகிறது.

கைப்பேசிக் காணொளியில் ஒவ்வொரு முத்திரையாகக் காட்டச் சொன்னேன். ஈட்டி இல்லாத கார்பைன், 1938 மாதிரி. முக்கோணத்துக்குள் அம்பு, இஷெவ்ஸ்க். வருடம் 1942. குறுக்குக் கோடு போட்ட சதுரம் இல்லை. போல்ட்டின் எண்ணும் குழலின் எண்ணும் ஒன்றே, கோடு போட்டு அடித்த பழைய எண் எதுவும் இல்லை. அதாவது பட்டறைக்குப் போகாமல், பிறந்த உறுப்புகளோடு இருந்த துப்பாக்கி. ரஷ்ய எழுத்தை அவள் படிக்கத் தெரியாமல் உருவத்தைச் சொல்ல, நான் இங்கே நோட்டில் வரைந்துகொண்டேன்.

1942 என்றால் அது ஸ்டாலின்கிராடில் இருந்திருக்கலாம். இருந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று மறுக்க முடியாது, அவ்வளவுதான். சோவியத் துப்பாக்கிகள் மாவோவின் சீனாவுக்குப் போய், அங்கிருந்து வியட்மின் படைக்குப் போய், அவர்களிடமிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தின் கைக்கு வந்தது வரலாறு. ஆனால் இந்தத் துப்பாக்கி அந்த வழியில்தான் வந்ததா, அந்தப் பெரியவர் எந்த இடத்தில் எடுத்தார், ஏன் வைத்திருந்தார்? சொல்லக் கூடியவர் இரண்டு பேர். இருவரும் போய்விட்டார்கள். ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கதை இருந்த துப்பாக்கிக்குக் காகிதம் இல்லை, காகிதம் இருந்த துப்பாக்கிக்குப் பொய்க் கதை.

2022 நவம்பர் கடைசியில் பிரெஞ்சு அரசு ஒரு வாரம் ஒதுக்கியது. வீட்டில் பரம்பரையாக வந்த, காகிதம் இல்லாத ஆயுதங்களைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். வைத்துக்கொள்ள விரும்பினால் பதிவு செய்தும் தருவார்கள். சேகரிப்பாளர்களுக்கு அங்கே தனி அட்டை உண்டு, துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம், தோட்டா மட்டும் கூடாது. அக்கா மகளை அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லலாமா என்று நான் இங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா போனை வாங்கினாள். “தம்பி, பேரப் பிள்ளைங்க வந்து போற வீடு. அவரே போயிட்டாரு. இந்த இரும்பு எதுக்கு?” என்றாள். அந்த வாரமே 1942ஐ ஒப்படைத்துவிட்டார்கள். 1944 துப்பாக்கிக் கடைக்காரர் மூலம் முறைப்படி கிளப் நண்பர் ஒருவருக்குக் கைமாறியது. ஒப்படைத்தவை பெரும்பாலும் உருக்கத்தான் போகின்றன.

என் அக்கா செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பழைய துப்பாக்கிதானே, பொம்மை மாதிரி என்று சொல்பவர்கள் உண்டு. பொம்மை இல்லை. 1891இல் வகுத்த அந்தத் தோட்டாவை ரஷ்ய ராணுவம் இன்றும் இயந்திரத் துப்பாக்கியில் போட்டுச் சுடுகிறது. 2022இல் உக்ரைன் போரில் தோனெத்ஸ்க் பக்கம் அவசரமாகத் திரட்டப்பட்டவர்கள் கையில் இதே மோசின் ரைஃபிளைப் படங்களில் பார்த்தோம். எண்பது வருடக் கிழமானாலும் உதைக்கும், கொல்லும். யாருடையது என்று எழுதப்படாத துப்பாக்கி ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. தவறு அக்காவுடையது அல்ல. எழுதாமல் விட்ட அத்தானுடையது. அவர் எழுதாமல் ஒளித்ததில் என் பங்கும் இருக்கிறது. முத்திரையைப் படித்தவுடன் தீர்ப்புச் சொன்ன அவசரக் குமாஸ்தா நான். அவர் காட்டியதை முதலில் ரசித்துவிட்டு, மறுநாள் மெல்லச் சொல்லியிருந்தால் அடித்தட்டுப் போர்வையையும் பிரித்துக் காட்டியிருப்பாரோ என்னவோ. அப்போதே போயிருந்தால் பதிவு செய்ய வழி கேட்டிருக்கலாம்.

கடற்கரை நண்பர் காட்டிய காணொளிக்கு வருகிறேன். அந்த இளைஞர் ஏன் அப்படி அறுக்கிறார்? மலிவாக வந்த பொருள் என்பதால். சோவியத் யூனியன் உடைந்த பிறகு கிடங்குகளில் கிரீஸ் பூசி அடுக்கியிருந்ததெல்லாம் பெட்டி பெட்டியாக அமெரிக்கா போனது. நூறு டாலருக்கும் கீழே ஒரு மோசின், 440 தோட்டா அடைத்த தகர டின் ஒன்று என்று பல வருடம் விற்றார்கள். மொத்தம் 3 கோடிக்கு மேல் செய்த துப்பாக்கி, தீரவே தீராது என்று நினைத்தார்கள். இன்று வரத்து நின்று, விலை பல மடங்கு ஏறிவிட்டது. இப்போது அறுத்தவர்கள் வருந்துகிறார்கள். ஆனால் விலைக்காக வருந்துவது போதாது. முத்திரையைத் தேய்த்தவர் அந்தத் துப்பாக்கியின் ஒரே சாட்சியத்தைத் தேய்த்துவிட்டார்.

அதே அமெரிக்காவில் நல்ல ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்களுக்கு அரசு தரும் ஒரு உரிமம். மூன்று வருடத்துக்கு 30 டாலர். அதை வாங்குகிறவர் ஒரு பதிவேடு வைக்க வேண்டும்: எது, என்ன எண், யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது, யாருக்குப் போனது. இதைக் கேள்விப்பட்டபோது என் பழைய மேசையே கண்முன் வந்தது. பலர் அதைத் தொல்லை என்று முணுமுணுக்கிறார்களாம். நான் சொல்வேன், அந்தப் பதிவேடுதான் சேகரிப்பு. பதிவேடு இல்லாவிட்டால் அலமாரியில் இருப்பது வெறும் இரும்பு. சேகரிப்பவர் அதற்குச் சொந்தக்காரர்கூட இல்லை. கொஞ்ச காலம் அந்தப் பதிவேட்டைப் பிடித்திருக்கும் குமாஸ்தா, அவ்வளவே.

ஆகவே பழைய ராணுவ ஆயுதம் வைத்திருக்கிற யாருக்கும், நம் ஊரில் தாத்தாவின் ஆயுதம் ஒன்று வீட்டில் இருந்தால் உங்களுக்கும், நான் சொல்வது இதுதான். முதலில் சட்டப்படி பதிவு செய்யுங்கள். முத்திரையைத் தேய்க்காதீர்கள், அறுக்காதீர்கள். விற்றவர் சொன்ன கதையை ‘அவர் சொன்னார்’ என்று எழுதுங்கள், உண்மை என்று எழுதாதீர்கள். யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததை இன்றே எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதி, வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். நமக்கு வயதாகிறது. இறந்த பிறகு மனைவியும் மகளும் போர்வையைப் பிரித்துப் பயப்பட வேண்டியதில்லை.

என் நோட்டில் அந்த 1942 கார்பைனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். தொழிற்சாலை, வருடம், எண், ஒப்படைத்த தேதி எல்லாம் இருக்கிறது. ‘யாரிடமிருந்து வந்தது’ என்ற இடத்தில் ‘இந்தோசீனா போன ஒரு சொல்தா, பெயர் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் யாருடைய தாத்தாவாவது அவராக இருந்தால் சொல்லுங்கள். பக்கத்தை நிரப்பி வைக்கிறேன்.